கையைப் பின்னால் கட்டியவர்

நெய்வேலியில் கண்காட்சி என்று எது நடந்தாலும் அவர் ஆஜர். வருஷா வருஷம் பதினோராவது பிளாக் லிக்னைட் ஹாலில் களைகட்டும் புத்தகக் கண்காட்சியானாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் வரைந்து மாட்டிய படங்களானாலும் சரி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கைகள் முதுகுக்குப் பின்னால். சர்வீஸ் முழுக்கச் சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர். ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகுதான் கலைக்கண் திறந்தது.

படத்தின் முன்னால் அவர் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. ஓரடி பின்வாங்குவார். தலையைச் சாய்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ம்ம்..." என்பார். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னொரு "ம்ம்".

"திருவிழா ராட்டினத்துல நல்ல மூவ்மெண்ட் இருக்கு பாப்பா."

"அது ராட்டினம் இல்ல தாத்தா. மைன்ஸ்ல மண்ணு வெட்டுற மிஷின்."

"அதைத்தான் சொல்றேன். சுத்துது பாரு!"

முப்பது வருஷம் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். 'தாத்தா'தான் கொஞ்சம் உறுத்தியது.

அவருக்கு வயது அறுபத்தைந்து என்று நினைத்தால் தப்பு. 260-ஐத் தாண்டிவிட்டது. 1760 ஏப்ரலில் லண்டன் ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து ஸ்டிராண்ட் பகுதியில் கண்காட்சி போட்டார்களே, அங்கேயே வந்துவிட்டார். உள்ளே போகக் காசில்லை, கேட்லாக்குக்கு மட்டும் ஆறு பென்னி. 6,582 கேட்லாக் விற்றது. கூட்டம் நெருக்கியதில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. ஓவியர்கள் பயந்துபோய் மறுவருஷம் கேட்லாக்கை ஒரு ஷில்லிங் ஆக்கி, அதையே டிக்கெட்டாகவும் வைத்துவிட்டார்கள். அந்த 1761 கேட்லாக்கின் கடைசிப் படத்தை வரைந்தவர் ஓவியர் ஹோகார்த். கனவான் வேஷம் போட்ட ஒரு குரங்கு, கையில் பூதக்கண்ணாடியோடு, பட்டுப்போன மூன்று மரக்கட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். பழைய வெளிநாட்டுப் படம் என்றால் மட்டும் உருகுகிற ரசிகர்களுக்கு அது ஹோகார்த்தின் மரியாதை!

1769-இல் லண்டனின் ராயல் அகாதமி முதல் கண்காட்சி நடத்தியபோது, அரசர் ஆதரவில் நடப்பதற்குக் காசு எதற்கு என்று ஜனங்கள் கேட்பார்களே என்று கேட்லாக்கிலேயே சமாதானம் அச்சடித்தார்கள்: தகாத ஆட்கள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேறு வழி தெரியவில்லையாம். நம்மவர் அந்த ஷில்லிங்கையும் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பார். 1780-இல் சாமர்செட் ஹவுஸுக்கு இடம் மாறியதும் செங்குத்தான வளைந்த படிக்கட்டு வேறு. கலை பார்க்க ஏறியவர்கள் அதில் குப்புற விழுந்து உருளுவதை ரோலண்ட்சன் கேலிச்சித்திரமாகவே போட்டிருக்கிறார்.

1873-இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் ரவி வர்மாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம். அந்தப் படத்தின் முன்னாலும் நம்மவர் தலையைச் சாய்த்து, "கை கொஞ்சம் நீளம்" என்றிருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. எங்கே போனாலும், "இதை இன்னும் கொஞ்சம் கீழே மாட்டியிருக்கணும்" என்பார். ஓவியர் கேன்ஸ்பரோவும் 1784-இல் ராயல் அகாதமியிடம் இதையேதான் கேட்டார். இளவரசிகள் மூவரின் படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னார். விதி இடம் தராது என்றது அகாதமி. எல்லாப் படங்களையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனவர், சாகும்வரை அங்கே மறுபடி படம் வைக்கவில்லை. நம்மவருக்கு அவ்வளவு ரோஷம் கிடையாது. பார்வையாளர் பதிவேட்டில், "நன்று. மேலும் முயல்க" என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே பழைய பதவியையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மத்தியான வெயிலில், பெற்றோர்கூட எட்டிப் பார்க்காத நேரத்தில், அந்தப் பிள்ளைகளின் படங்கள் அத்தனைக்கும் முன்னால் ஒன்றுவிடாமல் நின்றுவிட்டுப் போகிறவர் அவர் ஒருவர்தான். அடுத்த முறை பார்த்தால் கொஞ்சம் வழிவிடுங்கள். படம் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.