மதுரையில் மூன்று சுற்று

"மதுரையில தொலைஞ்சு போறதுக்குன்னு தனித் திறமை வேணும்டா" என்று பரளச்சியில் பஸ் ஏறும்போதே பையனிடம் சொன்னேன். அந்தத் திறமை எனக்கு இருக்கிற விஷயம் மத்தியானம்தான் தெரிந்தது.

அருப்புக்கோட்டை வரைக்கும் பாடம் நடத்தினேன். நடுவில் கோயில். மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரிலேயே வீதிகள். நாயக்கர் காலத்தில் சதுரத்துக்குள் சதுரமாகக் கோலம் போட்ட மாதிரி அமைந்த ஊர். "கண்ணைக் கட்டி விட்டாலும் நடக்கலாம்" என்றேன்.

"நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா எந்தப் பக்கம்னு எப்படிப்பா தெரியும்?"

வாய் அவனுக்கு அம்மா வழி.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போன் கூடாது. தெற்கு வாசலில் நானும் மனைவியும் பையனும் செருப்பையும் போன்களையும் ஒப்படைத்தோம். டோக்கன் என் சட்டைப் பையில். முக்கியமான சாமான் குடும்பத் தலைவனிடம்தான் இருக்க வேண்டும்.

ஆயிரங்கால் மண்டபத்தில், "எண்ணிப் பாரு, ஆயிரம் தூண்" என்றேன். "985தான்னு புத்தகத்துல இருக்குப்பா. மீதி பதினஞ்சு?" அங்கே சன்னதிக்காக விட்ட இடம் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் அதற்குள், "கான்ட்ராக்டர் வேலை" என்று சொல்லிவிட்டிருந்தேன். எங்கள் வீட்டு மாடி அனுபவம் அப்படி.

"கூட்டத்துல பிரிஞ்சுட்டா கோபுரத்தடியில நில்லுங்க" என்று உத்தரவு போட்டதும் நான்தான். இந்தக் கோயிலில் மொத்தம் 14 கோபுரம் என்பதை, தனியாக வெளியே வந்து நின்ற பிறகு நினைத்துக்கொண்டேன். நான் வந்தது வடக்கு வாசல்.

எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணருக்கு, 1896-ல் இதே கோயிலின் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் 'நான் யார்' என்ற கேள்வி வந்தது. எனக்கு 'நான் எங்கே' என்பதைத் தாண்டவில்லை. கல் பாவிய சித்திரை வீதி, உச்சி வெயிலில் தோசைக்கல். கரிசல் காட்டில் வெறுங்காலோடு திரிந்த கால்தான். ஆனால் அங்கே ஓரத்தில் ஒரு வேலிக்கருவை நிழலாவது கிடைக்கும். குதிகாலை மட்டும் ஊன்றி, வாத்து மாதிரி, நிழலுக்கு நிழல் தாவினேன்.

கிழக்கு வாசல், இல்லை. தெற்கு, செருப்புக் கவுண்டர் இருக்கிறது, அவர்கள் இல்லை. செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. மேற்கு, மறுபடி வடக்கு. மூன்றாவது சுற்றில் கிழக்கு வாசல் பூக்கார அக்கா கூப்பிட்டார்.

"என்னண்ணே, வேண்டுதலா? இப்பத்தான் ஒரு அக்காவும் பையனும் இதே மாதிரி குதிச்சுக் குதிச்சு மூணாவது சுத்துப் போறாங்க."

"எந்தப் பக்கம்?"

"கோயிலை எந்தப் பக்கம் சுத்துவாங்க? வலமாத்தான்."

இடமாகத் திரும்பி ஓடினால் மூன்று நிமிடத்தில் எதிரே பிடித்துவிடலாம். ஆனால் பூக்கார அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, வலமாகவே நடந்தேன்.