தாராளப் பிரபு ஸ்டோன் ஊற்றுகிறார்

பல் அச்சில் ஊற்றி மாடல் எடுக்கும் ஜிப்சம் பொடிதான் ஸ்டோன். நூறு கிராம் பொடிக்கு 28 முதல் 30 மில்லி தண்ணீர். பல் லேபில் வேலை பார்க்கும் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தாராளப் பிரபுவும் சொல்வார். சொல்லிக்கொண்டே ரப்பர் கிண்ணத்தைக் குழாயடியில் பிடிப்பார்.

தண்ணீர் கூடிவிடும். கொஞ்சம் பொடி போடுவார். கெட்டியாகிவிடும், கொஞ்சம் தண்ணீர். இப்படி இரண்டு சுற்று போனதும், ஒரு கீழ்த்தாடைக்குக் கலக்க வந்தவரின் கிண்ணத்தில் மூன்று தாடைக்குக் காணும் ஸ்டோன் தளதளவென்று நிற்கும். கலந்ததைக் கொட்டவோ மனசு வராது. அத்தனையையும், அல்ஜினேட்டில் வாயின் அச்சு (இம்ப்ரெஷன்) எடுத்த அந்த ஒரே ட்ரேயின் தலையில் இறக்குவார்.

பிரபுவைத் தேடி அலைய வேண்டாம். கேரளத்தின் முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959இல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் வந்தது. அதைச் சுற்றி உள்ளூர், குமாரபுரம் என்ற இடங்களில் இன்று பல் கிளினிக்குகளுக்கும் அவற்றுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் லேபுகளுக்கும் குறைவில்லை. பிரபுக்களுக்கும்தான். நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்களிலும் இந்த ரகம் உண்டு.

கீழ்த்தாடை இம்ப்ரெஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குதிரை லாட வடிவில் இருக்கும். நடுவே நாக்குக்கான இடம் வெற்றாகக் கிடக்கும். பிரபு ட்ரேயை நிரப்பி, மிச்ச ஸ்டோனை டைல்ஸில் குவித்து, அதன்மேல் ட்ரேயைக் கவிழ்த்து ஓர் அமுக்கு அமுக்குவார். ஸ்டோன் நடுவில் பொங்கி நாக்கின் இடத்தை அடைக்கும். ஓரங்களில் ஏறி ட்ரேயையே விழுங்கும். வெளியே தெரிவது கைப்பிடி மட்டும்.

“மக்களே, நாக்கு இருந்த எடம் எங்கடே?” என்பார் மூத்த டெக்னீஷியன்.

“செட் ஆகட்டும் அண்ணாச்சி. ட்ரிம்மர்ல ஒரு பிடி பிடிச்சா தீந்துது.”

இந்த ‘ஒரு பிடி’தான் பிரபுவின் வேதவாக்கு. மிச்சத்தை வழிக்க ஒரு நேரம் உண்டு. ஸ்டோனின் பளபளப்பு மங்கி, விரல் வைத்தால் ஒட்டாமல், கத்தி வைத்தால் வெண்ணெய் போல் இறங்கும் சில நிமிடங்கள். சாதாரணக் கத்தி போதும். நாக்கின் இடத்தை வழித்து, ட்ரே ஓரத்தை விடுவித்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களில் பிரபு சாயா குடிக்கப் போயிருப்பார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் கிண்ணத்தில் இருந்த கூழ் பாறையாகி இருக்கும். ஜிப்சத்துக்கு வேறு வேலை தெரியாது.

பிறகு ட்ரிம்மர். அதன் சக்கரம் தட்டையானது. மாடலின் வெளிப்பக்கத்தையும் அடியையும் தேய்க்கும். லாடத்தின் உள்ளே அதற்கு நுழைவில்லை. எத்தனை பிடி பிடித்தாலும் நாக்கின் இடம் திறக்காது. ஆனாலும் பிரபு பிடிப்பார், அதுவும் மாடலை நனைக்காமல். தெறிக்கும் சேறு பற்களின்மேல் படிந்து இறுகும். மிச்சம் சிங்க் குழாயின் வளைவில் போய் உட்காரும். கடைசியில் அண்ணாச்சி மூக்குக்கு மாஸ்க் கட்டி, ஹேண்ட்பீஸில் பர் மாட்டி, உள்ளே இருந்து குடைய வேண்டும்.

இடவப்பாதி மழையிலும் பொடி மூட்டையின் வாயைக் கட்டாதது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். குமிழி இல்லாமல் ஊற்றுவதில் பிரபுவை அடிக்க ஆளில்லை. வைப்ரேட்டர்மேல் ட்ரேயைச் சாய்த்து, ஒரு கடைவாய்ப் பல்லில் துளி ஸ்டோன் வைத்து, அது ஒவ்வொரு பல்லாக நிரப்பி மறுமுனை சேரும்வரை மூச்சுப் பிடித்து நிற்பார். பல்லின் ஒவ்வொரு வரியும் அச்சாக விழுந்திருக்கும். அண்ணாச்சியே இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார். இத்தனை பொறுமை உள்ளவர் அடுத்த பத்து நிமிடம் கத்தியோடு நிற்க மாட்டேன் என்கிறாரே என்பதுதான் எரிச்சல்.

எரிச்சலோடு போனால் பரவாயில்லை. ட்ரேயை விழுங்கிய ஸ்டோனிலிருந்து மாடலை நெம்பி எடுக்கும்போது, தனியாக நிற்கும் முன்பல் ‘டிக்’கென்று போய்விடும். அதிகம் தேய்த்தால், பல் செட்டின் விளிம்பு உட்கார வேண்டிய பள்ளமும் சேர்ந்து போகும். அல்ஜினேட் இம்ப்ரெஷன் நேரமாக நேரமாக ஈரம் விட்டுச் சுருங்கும். அதில் மறுபடி ஊற்ற முடியாது. விழிஞ்ஞத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்து அளவு கொடுத்துப் போன கிழவரை மறுபடி கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்டால் டாக்டர் ‘அளவு சரியா வரலை’ என்பார். அந்தக் கிழவரும் தன் வாயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

பிரபுக்களே, தராசு வேண்டாம் என்றால் போகட்டும். ஊற்றும் முன் நாக்கின் இடத்தில் ஈர டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வையுங்கள். சாயாவைப் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள்.