ஊரில எவடம்?

கேள்வி: ஒருவரைச் ‘சின்னப்புத்திக்காரர்’ என்று எப்போது சொல்லலாம்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: காசை இறுக்கிப் பிடிப்பவரை அப்படிச் சொல்லாதீர்கள், அவர் கஞ்சன், அவ்வளவுதான். தனக்கு ஒரு சதமும் நட்டமில்லாத இடத்திலும் அடுத்தவருக்கு நல்லது நடப்பது பொறுக்காதவருக்கே இந்தச் சொல். பக்கத்து வீட்டுப் பிள்ளை 9 ஏ எடுத்தால், வாழ்த்துக்கு முன்னால் “ரியூசனுக்கு எவ்வளவு போச்சு?” என்று கேட்பாரே, அவர்தான்.

கேள்வி: படிப்புக் கூடினால் இந்தப் புத்தி குறையாதா? (புதுக்கடை, சட்ட மாணவி)

பதில்: உங்கள் சட்டப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது, தங்கச்சி. சி. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர், பாரிஸ்டர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன 1948இல், அந்தப் பிரச்சினையில் பதவியையே விட்டவர். அதே மனிதர் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக்கூடாதென்று மறித்து நின்றார். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அவர்மீதே பாய்ந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தையும் தாண்டி லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. அங்கும் தோற்றார். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்காகப் பதவியைத் துறந்த நெஞ்சில், சொந்த ஊர்ச் சனத்துக்கு இடமில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை. அத்தனை பெரிய மூளை!

கேள்வி: அரை அடி எல்லைக்கு அண்ணனும் தம்பியும் வருஷக் கணக்காக வழக்காடுவது? (வத்தளை வாசகர்)

பதில்: இல்லாதவனுக்கு அரை அடியும் காணிதான், கேட்கட்டும். தவணைக்கு வந்த இடத்தில், புதுக்கடைத் தேத்தண்ணிக் கடையில் தம்பிக்கு ஒரு பிளேன்ரீ சொல்ல அண்ணனுக்கு மனம் வரவில்லை என்றால், அது சின்னப்புத்தி.

கேள்வி: வெள்ளவத்தையில் பிளாட் பார்க்கப் போனால் “எந்த ஊர்?” என்கிறார்கள். ஊர்ப்பாசம்தானே? (வாசகி)

பதில்: அந்தக் கேள்வியோடு நின்றால் பாசம். “ஊரில எவடம்?”, “எந்தக் கோயிலடி?”, “ஆற்றை மகள்?” என்று ஒவ்வொரு படியாக இறங்கினால், வீட்டுக்காரர் தேடுவது உங்கள் சாதியை. முற்பணம் கேட்கட்டும், அடையாள அட்டை கேட்கட்டும், அது அவர் உரிமை. நீங்கள் ஊரைச் சொல்லிவிட்டு, “அண்ணை, வாடகை எவ்வளவு?” என்று கேளுங்கள். மறுபடியும் எவடம் என்றால் எழும்பி வாருங்கள். தெஹிவளையிலும் வீடு இருக்கிறது.