103ஆவது சுற்று

வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்டபடி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓட்டக் கணக்கு எழுதி வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லாத அந்த வயதில் நமக்குக் கணக்குதான் ஆட்டம். அந்தப் பழக்கத்தோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜார்ஜியாவுக்குப் படிக்கப் போன எனக்கு, அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரர்கள் உயிராய் நினைக்கும் நாஸ்கார் கார்ப் பந்தயம் பிடித்துப்போனதற்கு வேகமோ இரைச்சலோ காரணமில்லை. திங்கட்கிழமை செய்தித்தாளில் பொடி எழுத்தில் வரும் புள்ளிப் பட்டியல்தான் காரணம்.

அப்போதெல்லாம் பிப்ரவரியில் டேட்டோனாவில் தொடங்கும் பருவம் நவம்பரில் அட்லாண்டாவில் முடியும். முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 170, அதற்குக் கீழே படிப்படியாகக் குறையும். ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடியவருக்கு ஐந்து, எல்லோரையும்விட அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடியவருக்கு இன்னும் ஐந்து. பத்து மாதமும் சேர்த்த புள்ளிகள்தான் ஒருவரைச் சாம்பியன் ஆக்கும். மார்ச் மாதத்தில் வெடித்த ஒரு டயர் நவம்பரில் கோப்பையைக் கொண்டுபோய்விடலாம் என்பதால், எந்த ஞாயிறும் வீண் ஞாயிறு இல்லை.

1992 நவம்பர் 15. அட்லாண்டாவுக்குத் தெற்கே ஹாம்ப்டனில் நடந்த அந்த இறுதிப் பந்தயத்துக்கு அறைத்தோழர்களோடு போனேன். காதில் பஞ்சு, மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், கையில் பென்சில். ஆறு ஓட்டுநர்களுக்குச் சாம்பியன் ஆகும் வாய்ப்பு மிச்சமிருந்தது. டேவி அலிசன் முன்னணியில்; 30 புள்ளி பின்னால் ஆலன் குல்விக்கி; அவருக்கும் 10 புள்ளி பின்னால், உள்ளூர்ப் பிள்ளையான, டாசன்வில் ஊர்க்காரர் பில் எலியட். ஏழு முறை சாம்பியனான ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசிப் பந்தயம். ஜெஃப் கார்டன் என்ற இளைஞருக்கு அதுதான் முதல் பந்தயம். ஒரு காலம் எழுந்து போகும்போதே இன்னொரு காலம் வந்து உட்கார்ந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் அன்று யாருக்கு அது தெரியும்? வானவில் நிறக் காரில் வந்த அந்தப் புதுப் பையனை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

என் கண் முழுக்கக் குல்விக்கி மேல். விஸ்கான்சினிலிருந்து வந்த வடக்கத்தி ஆள், பொறியியல் படித்தவர். பெரிய அணி முதலாளியான ஜூனியர் ஜான்சன் கூப்பிட்டும் போகாமல், சொந்த அணியை வைத்துக்கொண்டு தானே ஓட்டியவர். ஆறு பந்தயங்கள் மீதமிருந்தபோது 278 புள்ளி பின்தங்கி, எல்லோரும் கைகழுவிய நிலையிலிருந்து ஏறி வந்தவர். ஏழை அணி என்று ஒப்புக்கொள்வதுபோலத் தண்டர்பேர்ட் காரின் முகப்பில் முதல் எழுத்துகளை நீக்கி அண்டர்பேர்ட் என்று ஆக்கியிருந்தார். பொறியியல் படிக்க வந்த மாணவனுக்கு வேறு யாரைப் பிடிக்கும்!

பந்தயத்தின் முக்கால் பங்கு கடந்ததும் எர்னி அர்வனின் கார் சுழன்று அலிசனின் காரோடு மோதியது. அவருடைய கோப்பை அங்கேயே போயிற்று. மீதி குல்விக்கிக்கும் எலியட்டுக்கும். குல்விக்கியின் காரில் முதல் கியர் உடைந்துவிட்டதால், டயர் மாற்றிப் பெட்ரோல் போடும் பிட்டிலிருந்து கிளம்பும்போது ஆட்கள் பின்னாலிருந்து தள்ளவேண்டியிருந்தது. அவருடைய அணியினர் அமைதியாகச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் தீரப்போகிறதே என்று கூட்டம் பதற, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று அவரை முன்னிலையில் ஓடவிட்டு, கணக்கு நிறைந்த பிறகே உள்ளே அழைத்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எலியட்டின் ரசிகர், அவரும் விரல்விட்டு எண்ணினார். எங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எனக்குத் தன் வேர்க்கடலையைக் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.

பந்தயத்தை வென்றவர் எலியட், இரண்டாவது குல்விக்கி. எலியட் முன்னிலையில் ஓடியது 102 சுற்று, குல்விக்கி 103. அதனால் அன்று இருவருக்கும் தலா 180 புள்ளி. பழைய 10 புள்ளி வித்தியாசம் அப்படியே நின்று, 4078க்கு 4068 என்று குல்விக்கி சாம்பியன். அதிகச் சுற்றுக்கான அந்த ஐந்து புள்ளி எலியட்டுக்குப் போயிருந்தால் இருவரும் சமம் ஆகியிருப்பார்கள். அதிக வெற்றிகள் கணக்கில் கோப்பை எலியட் வீட்டுக்குப் போயிருக்கும். 29 பந்தயங்கள் கொண்ட பருவம் முழுவதும் ஒரே ஒரு சுற்றில் தொங்கியது.

அதே கணக்குமுறையில் 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று, இறுதிப் பந்தயத்துக்கு முன்பே சாம்பியன் ஆகிவிட்டார். இலையுதிர் காலத்து ஞாயிறுகளில் அமெரிக்கக் கால்பந்தோடு போட்டிபோட வேண்டிய பந்தயத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2004 முதல் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்கெனத் தனிக் கணக்கு வந்தது. 2014 முதல் 2025 வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்களைக் கழித்துக்கொண்டே வந்து நால்வரை மட்டும் இறுதிக்கு நிறுத்தினார்கள். அந்த நால்வரில் யார் முன்னால் வந்தாரோ அவரே சாம்பியன் ஆனார். புதுமுறையும் மறக்க முடியாத நாள்களைத் தந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். 2011இல் டோனி ஸ்டீவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் 2403 என்று சமப் புள்ளியில் முடித்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்று நொடிக்கு நொடி புள்ளிகள் திரையில் மாறுகின்றன. சக்கரத்துக்கு ஐந்து நட்டு கழற்றி மாட்டிய காலம் போய், 2022 முதல் ஒரே நட்டு. 2001இல் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் பந்தயத்தில் மோதி இறந்தபின் கழுத்தைக் காக்கும் கருவியும் மோதலைத் தாங்கும் சுவர்களும் வந்தன. அவற்றால் எத்தனையோ பேர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள், அதற்கு ஈடாக என் பென்சிலையும் வேர்க்கடலையையும் எடுத்துக்கொள்ளட்டும். குல்விக்கியையும் அலிசனையும் எந்தச் சுவரும் காப்பாற்றியிருக்காது. ஒருவர் 1993 ஏப்ரலில் விமான விபத்திலும், மற்றவர் அதே ஆண்டு ஜூலையில் ஹெலிகாப்டர் விபத்திலும் போய்விட்டார்கள். குல்விக்கி தன் முதல் வெற்றியைப் பெற்றதும், அதைக் கொண்டாட எதிர்த்திசையில் சுற்றி வந்ததும் 1988இல் ஃபீனிக்ஸில்.

அதே ஃபீனிக்ஸில் 2025 இறுதிப் பந்தயத்தில் டென்னி ஹாம்லின் 208 சுற்று முன்னிலையில் ஓடினார். அதுவரை 60 பந்தயங்கள் வென்றும் கோப்பை கிடைக்காத மனிதர். முடிவதற்கு மூன்று சுற்று இருக்கையில் வேறொரு காரின் டயர் போய், எல்லோரையும் மெதுவாக ஓடச் சொல்லும் மஞ்சள் கொடி வீசப்பட்டது. எல்லோரும் பிட்டுக்குள் வந்தார்கள். ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், நால்வரில் இன்னொருவரான கைல் லார்சன் இரண்டோடு கிளம்பிவிட்டார். லார்சன் மூன்றாவதாக வந்தார், ஹாம்லின் ஆறாவது. ஒரு சுற்றுகூட முன்னிலையில் ஓடாத லார்சன் சாம்பியன்.

“விதி எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்தானேப்பா? ஹாம்லினும் இரண்டு டயரோட வந்திருக்கலாம்” என்கிறான் என் மகன், அவன் லார்சன் ரசிகன். அது நியாயம்தான், லார்சனும் லேசுப்பட்ட ஓட்டுநர் அல்ல. ஆனாலும் 208 சுற்றுக்கு ஐந்து புள்ளியாவது கொடுத்திருக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் அவனோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.