மாப்ளைக்கு ஒரு துப்பு

வாங்க மாப்ள, உக்காருங்க. முதல்ல மோரைக் குடிங்க. சைக்கிள் களவு போன பிள்ளை டவுன் பஸ்ஸுல ஏறிப் பள்ளிக்கூடம் போயிட்டா. நீங்கதான் தெருமுக்குல நின்னு போற வர்ற சக்கரத்தையெல்லாம் மொறைக்கிறீகளாம். எம்மக சொன்னா.

அதுவும் கவர்மெண்டு சைக்கிளு. 2005-06-லருந்து கவர்மெண்டு, எய்டட் பள்ளிக்கூடத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் குடுக்கிறது. ஒரே மாதிரிக் கம்பி, ஒரே மாதிரிக் கூடை. மேலூரு, உசிலம்பட்டின்னு எந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாலும் உங்க மக சைக்கிளு வரிசையா நிக்கும். ஏட்டையா அடையாளம் கேட்டா, "ரெண்டு சக்கரம் இருக்கும் சார்"ம்பீகளா? பெடல் அச்சுக்கு அடியில, இல்லைன்னா சீட்டுக் கம்பிப் பக்கத்துல பிரேம் நம்பரு அடிச்சிருக்கும். பிரியாணியப் போட்டோ பிடிக்கிற கை, அதையும் ஒண்ணு பிடிச்சிருந்தா என்னவாம்?

எங்க பாட்டன் காலத்துல மாடு களவு போனா துப்புக்கூலின்னு ஒண்ணு உண்டு. நடுவுல ஒருத்தர் வந்து, "இம்புட்டுக் குடுங்க, காலையில இன்ன மரத்துல மாடு கட்டிக் கெடக்கும்"பாரு. கெடக்கும். 1906-ல பிரான்சிஸ் துரை எழுதின மதுரை ஜில்லா கெசட்டியர்லயே இது ஏறியிருக்கு. சைக்கிளுக்கு அந்த மரியாதை இல்லை மாப்ள. பிரிச்சு எடைக்குப் போட்டுட்டா எந்த மரத்துல கட்டுவான்?

அதனால ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வாசப்படி தாண்டாதீக. எப்.ஐ.ஆர். போட்டா நகலு ஓசியாவே தரணும். 2024 ஜூலை 1-லருந்து புதுச் சட்டம் வந்திருக்கு. அஞ்சாயிரத்துக்குள்ள பொருளு, மொதத் தடவை மாட்டினவன், பொருளைத் திருப்பிக் குடுத்துட்டான்னா தண்டனை சமூக சேவையாம். உங்க தெருச் சாக்கடைக்கு அப்படியாச்சும் ஒரு விடிவு வரட்டும்.

உங்க அத்தை, களவாண்டவனைக் காளி தண்டிக்கட்டும்னு மடப்புரம் காளிகிட்ட காசு வெட்டிப் போடலாம்ங்கிறா. போடுங்க. ஆனா யார் பேரைச் சொல்லி வெட்டுவீக? பஞ்சர் கடைப் பையன் மேல சந்தேகம்னு நீங்க முனகினது இங்க வரைக்கும் வந்துருச்சு. பிள்ளை சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பால் வாங்கப் போனது நீங்க. டீக்கடையில எலக்சன் பேசினது நீங்க. சாவியப் பூட்டுலயே விட்டதும் நீங்க. களவாணி மட்டும் அந்தப் பயலா?

இதுல மட்டும் எனக்குச் சிரிப்பு வரலை மாப்ள. அதே மடப்புரத்துல 2025 ஜூன்ல நகை காணோம்னு ஒரு புகாரு. கோயில் காவலுக்கு இருந்த இளந்தாரிய விசாரணைன்னு போலீஸ்காரங்க அடிச்ச அடியில உசுரே போச்சு. கேஸு சிபிஐக்குப் போச்சு. போன உசுரு போனதுதான். மனுல சந்தேகப்பட்ட ஆளுன்னு ஒருத்தன் பேரையும் எழுதாதீக. பார்த்ததை மட்டும் எழுதுங்க. நீங்கதான் ஒண்ணையும் பாக்கலையே, கால் பக்கத்துல முடிஞ்சுரும்.

சைக்கிளு வந்தா வருது. வரலைன்னா கவர்மெண்டு ரெண்டாவது ஒண்ணு தரும்னு காத்துக் கெடக்காதீக. பழசு ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஆனா, பாதி விலைங்கிறான், பில்லு இல்லைங்கிறான்னு பல்லைக் காட்டிக்கிட்டுப் போயிராதீக. களவுப் பொருளுன்னு தெரிஞ்சு வாங்கினாலும் மூணு வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். இங்கிட்டு அறுப்பு நேரம், ஜாமீனுக்கெல்லாம் என்னால ஓடியார முடியாது.