வாக்குக் கேட்காமல் கொழும்புக்குப் போவது எப்படி?

இலுப்பைக்கடவையில் மன்னார் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் தம்பி, தங்கச்சிமாரே! அரசியலில் இறங்கும் எண்ணமிருந்தால் முதலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தை மறந்துவிடுங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றையும் சுற்றி, செத்தவீடு சாமத்தியவீடு ஒன்றும் விடாமல் முகம் காட்டினாலும், கடைசியில் சொந்தக் கட்சிக்காரனே விருப்பு வாக்கில் கவிழ்த்துவிடுவான். இருப்பது ஆறே ஆசனம். இந்த வெயிலில் அது தேவையா?

ஆளுநர் பதவியைப் பாருங்கள். 13ஆவது திருத்தப்படி நியமிப்பவர் ஜனாதிபதி. ஆயிரக்கணக்கானவர்களைப் பிடிப்பதைவிட ஒருவரைப் பிடிப்பது லேசு. சட்டத்தில் ஐந்து வருடம், நடைமுறையில் அவருக்குப் பிடிக்கும்வரை. வடக்கில் இன்னொரு சௌகரியம்: 2013இல் தெரிவான மாகாண சபை 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே வைக்கவில்லை. கேள்வி கேட்க ஆளில்லை.

வேலை, பெரும்பாலும் மகஜர் வாங்குவது. கமராக்காரர் தயாரா என்று பார்த்து, இரண்டு கையாலும் வாங்குங்கள். இந்திய இழுவைப்படகுகளைப் பற்றித்தான் இருக்கும். முதல் பக்கத்தில் கண்ணை ஓடவிட்டுத் தலையை ஆட்டுங்கள். "மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். படம் நாளை பேப்பரில் வரும், மகஜர் எங்கே போகும் என்பது உங்கள் கவலை அல்ல.

முன்மாதிரி வேண்டுமா? கலாநிதி சுரேன் ராகவன். 2019 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன நியமித்த, வடக்கின் முதல் தமிழ் ஆளுநர். நவம்பரில் ஜனாதிபதி மாறினார், பதவியும் போனது. சோர்ந்தாரா? 2020 ஓகஸ்டில் பொதுஜன பெரமுனவின் தேசியப்பட்டியல் எம்.பி., 2022இல் உயர் கல்வி இராஜாங்க அமைச்சர். பிக்குகளின் அரசியலை ஆராய்ந்து புத்தகம் எழுதிய படிப்பாளி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மூன்று படியில் எதற்கும் வாக்குச்சீட்டில் இலக்கம் தேவைப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசை மிஞ்சி மக்களிடம் போனால்தான் சிக்கல். கிழக்கு ஆளுநராயிருந்த ஹிஸ்புல்லா அதே 2019இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று 38,814 வாக்கு எடுத்தார். கடலுக்கு அந்தப் பக்கம், தெலங்கானா ஆளுநர் பதவியை 2024இல் உதறிவிட்டுத் தென்சென்னையில் நின்ற தமிழிசை இரண்டு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் தோற்றார். ஹிஸ்புல்லா 2024இல் மட்டக்களப்பில் வென்று திரும்பியது உண்மைதான். ஆனால் அது பழைய முறை, வீடு வீடாக நடக்கவேண்டும்.

ஆளுநர் வழி ஒத்துவராதவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆளுநர் இந்தப் பக்கம் வரும்போது மகஜரில் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: மாகாண சபைத் தேர்தல் எப்போது?