தொண்டர்களைப் பராமரிக்கும் பிள்ளைகள்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் கல்லூரி மாணவர்கள் ராபர்ட் நாக்ஸ் படத்துக்கு ஒரு சூடம் காட்டிவிட்டு விமானம் ஏறலாம். 1660இல், புயலில் பாய்மரத்தை இழந்த கப்பலைச் சரிசெய்ய அப்பாவோடு இலங்கையின் மூதூர் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலேயர் அவர். வயது 19. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்காமலே பத்தொன்பது வருட விசா. சாப்பாடு போடுவது ஊர்க்காரர்கள் பொறுப்பு, அரச கட்டளை. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்கு விட்டார், 1679இல் தப்பினார், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். யாருக்கும் எதையும் கற்பிக்க வந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே மூதூருக்குத் தொண்டராகப் போன எனக்குக் கிடைத்ததோ ஒரு மாத விசா. அதற்குள் மூதூர்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை உயர்த்திவிட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரை எல்லா நிறத்திலும் தொண்டர்களைப் பார்த்துவிட்டது. அந்த அனுபவம் அப்போது பிறக்காத பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்தாக இறங்கியிருக்கிறது. நான் வகுப்புக்குள் நுழைந்ததுமே குட்டையானவர்கள் முன்னும் நெட்டையானவர்கள் பின்னுமாகக் குழுப்படத்துக்கு நின்றுவிட்டார்கள். செல்போனை நான் வெளியே எடுக்கவேயில்லை.

“எப்ப சேர் திரும்பிப் போற?” என்றாள் ஒரு சிறுமி. விரட்டுவதற்கல்ல. பிரியாவிடைப் பாட்டுக்கு ஒத்திகை பார்க்க நாள் குறிக்க வேண்டுமாம்.

வெள்ளைத் தோலும் இல்லை, கிட்டாரும் இல்லை என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். சென்னை என்றதும் என் மதிப்பு ஏறியது. விஜய் வீடு என் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அஜித்தோடு கதைத்திருக்கிறேனா? ஆங்கிலத்தில் கேட்டால்தான் பதில் என்று நிபந்தனை போட்டேன். மளமளவென்று ஆங்கிலத்தில் வந்து விழுந்தன கேள்விகள். ‘இது ஒரு பேனா, அது ஒரு மேசை’ என்பதைத் தாண்டிக் கேட்க உருப்படியான விஷயம் இல்லாததுதான் அதுவரை இருந்த குறை போலும்.

அதன் பிறகு என்னை அவர்களே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். வெயிலில் நிற்க விடவில்லை. எருமைத் தயிரும் பாணியும் கொண்டுவந்து, முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்கள். கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தபோது, “இது சும்மா போட்ட போல் சேர்” என்று திரும்ப நிறுத்தினார்கள். அரசன் கட்டளை எதுவும் இல்லாமலே!

நாக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடிக்கும் கூட்டிப்போனார்கள். ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்து 1893இல் நாட்டிய கல் அங்கே இருக்கிறது. “இந்த இடத்திலதான் சேர் புடிச்ச” என்றான் ஒரு பையன், என்னை ஏற இறங்கப் பார்த்தபடி.

தொண்டு செய்யப் போகிற தம்பி தங்கைகளே, மூதூருக்குப் போவதானால் பாடத்திட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு டென்னிஸ் பந்து நாலைந்து எடுத்துப் போங்கள். அங்கே சிக்ஸர் அடித்தால் பந்து கடலுக்குள்தான் போகிறது.